சாத்துதல், அடைத்தல், மூடுதல்



சில ஆண்டுகளுக்கு முன் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஊர்ச் சாவடியின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ‘பணி காரணமாக இம்மாதம் 10 முதல் வாய்க்கால் மூடப்படும்’ என்பது அதன் வாசகம். அதன் எதிரில் ஒரு முதிய உழவர் கலங்கிய முகத்தோடு நின்றிருந்தார். பேரப் பிள்ளை அதை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். என்னைக் கண்டதும், “ஐயா, வாய்க்காலை மூடப் போகிறார்களாமே! மூடிவிட்டால் அதன் மேல் சாலை போடுவார்களா, வீடு கட்டுவார்களா? எங்கள் நாற்று என்ன ஆவது?” என்று கேட்டார்.

நான் விசாரித்தேன். உண்மை வேறாக இருந்தது. வாய்க்காலில் பழுது பார்க்க வேண்டியிருந்ததால் சில நாள் மதகை அடைத்து நீரை நிறுத்தி வைப்பதே திட்டம். முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவிப்பில் ‘குளோஸ்’ என்னும் வினைச்சொல் இருந்தது. அதைத் தமிழாக்கியவர் அகராதியில் முதலில் கண்ட ‘மூடு’ என்னும் சொல்லை எடுத்து வைத்துவிட்டார். அந்த ஒரு சொல் ஒரு முதியவரின் இரண்டு நாள் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. “வாய்க்காலை மூடவில்லை, பெரியவரே, மதகைத்தான் அடைக்கிறார்கள்” என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. “அடைக்கிறார்களா? அப்படிச் சொன்னால் சரி, அடைத்ததைத் திறப்பார்கள்” என்றார்.

அந்தப் பெரியவர் பள்ளியில் இலக்கணம் படித்தவர் அல்லர். ஆயினும் மூடுதலுக்கும் அடைத்தலுக்கும் உள்ள வேற்றுமையை நம் அகராதிகள் சிலவற்றினும் தெளிவாக உணர்ந்திருந்தார். இன்றைய பேச்சின் பொருள் இதுவே. ‘குளோஸ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருள்கள் யாவை? அது நிற்கும் இடத்தில் தமிழ் எந்தெந்தச் சொற்களை நிறுத்துகிறது? அவற்றுள் ஒன்றை மாற்றி வைத்தால் என்ன நேர்கிறது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘குளோஸ்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. இலத்தீன் மொழியில் ‘கிளௌதெரே’ என்றால் அடைத்தல். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் இவ்வாறு குடியேறிய சொற்கள் பல. ‘இன்குளூட்’ என்றால் உள்ளே வைத்து அடைத்தல், அதனால் உட்படுத்துதல். ‘எக்ஸ்குளூட்’ என்றால் வெளியே நிறுத்தி அடைத்தல்; அதனால் விலக்குதல். ‘கன்குளூட்’ என்றால் முற்ற அடைத்தல், அதனால் முடித்தல். ‘டிஸ்குளோஸ்’ என்றால் அடைத்ததைத் திறத்தல், அதனால் வெளிப்படுத்துதல். இவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவ்வுறவை அறிந்து கொண்ட மாணவர் இச்சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

‘ஷட்’ என்பதோ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். தாழை உந்தித் தள்ளுதல் என்பதே அதன் பழைய பொருள். ‘ஷூட்’ என்னும் சொல்லுக்கு அது உறவு. அந்த வேகம் இன்றும் அச்சொல்லை விட்டு நீங்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாலும் ‘குளோஸ்’ எனலாம். படீரென்று அடைத்தால் ‘ஷட்’ என்பதே இயல்பு. கூட்டத்தையும் வங்கிக் கணக்கையும் ‘குளோஸ்’ செய்வார்களே அன்றி, ‘ஷட்’ செய்ய மாட்டார்கள். ‘மூடிய கண்கள்’ என்று பெயருக்கு முன் அடைமொழியாக வரும்போது ‘குளோஸ்ட்’ என்பதே வழக்கு. ‘ஷட்’ அவ்விடத்தில் பெரும்பாலும் வாராது. மேலும் ‘ஷட்’ என்பது ‘கட்’, ‘புட்’ என்பவற்றைப் போல இறந்த காலத்திலும் உருமாறாது நிற்கும். தேர்வில் அதற்கு விகுதி சேர்த்து எழுதி மதிப்பெண் இழப்போர் உண்டு.

நம் புதுவை மண்ணில் மூன்றாவது மொழி ஒன்றும் வாழ்ந்தது. இன்றும் ஓரளவு வாழ்கிறது. பிரெஞ்சுக்காரர் அன்றாடப் பேச்சில் கதவைச் சாத்துவதற்கு ‘ஃபெர்மே’ என்கிறார்கள். ‘ஃபிர்மாரே’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. உறுதியாக்குதல் என்பது அதன் முதற்பொருள். ஆகவே, ஒரே கதவு சாத்தப்படுவதை ஒரு மொழி அடைப்பாகக் கண்டது. ஒரு மொழி தாழைத் தள்ளுதலாகக் கண்டது. ஒரு மொழி உறுதி செய்தலாகக் கண்டது. செயல் ஒன்றுதான்; அதைக் கண்ட கண்கள் வேறு.

இனி நம் தமிழுக்கு வருவோம். தமிழ் இச்செயலை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. சாத்துதல், அடைத்தல், மூடுதல், பூட்டுதல், முடித்தல் என்று ஐந்து முதன்மையான சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறது.

சாத்துதல் என்பது ஒன்றை மற்றொன்றின்மேல் பொருந்த வைத்தல். ஏணியைச் சுவரில் சாத்துகிறோம். இறைவனுக்கு மாலை சாத்துகிறோம், சந்தனம் சாத்துகிறோம். கதவை நிலையோடு பொருந்த வைப்பதும் சாத்துதலே. அதில் வன்மை இல்லை. தாழ் இட்டிருக்கலாம், இடாமலும் இருக்கலாம். சிறிது இடைவெளி விட்டுச் சாத்தினால் ஒருக்களித்துச் சாத்துதல் என்கிறோம்.

அடைத்தல் என்பது ஒரு திறப்பையோ வழியையோ தடுத்தல். உழவர் வயலில் மடையை அடைக்கிறார். கரையில் உடைப்பை அடைக்கிறார். மாட்டைப் பட்டியில் அடைக்கிறோம். எழுத்தைக் குறிகளுக்குள் வைத்தால் அடைப்புக்குறி. இதயத்திற்குச் செல்லும் குருதிக் குழாய் தடைபட்டால் மாரடைப்பு. வாங்கிய கடனைத் தீர்ப்பதையும் அடைத்தல் என்கிறோம். கடன் ஒரு ஓட்டை. செல்வம் அதன் வழியே ஒழுகுகிறது. அதை அடைத்தாக வேண்டும் என்று கருதினார்கள் போலும்.

மூடுதல் என்பது மேலே ஒன்றை இட்டு மறைத்தல். பானைக்கு மூடி உண்டு. மலையை மறைப்பது மூடுபனி. திரையிட்டுச் சென்றது மூடுபல்லக்கு. எனவே நீர்நிலையைப் பற்றி ‘மூடு’ என்று சொன்னால், மண்ணிட்டுத் தூர்த்தல் என்னும் பொருளே தமிழ்க் காதுக்கு முதலில் படும். பாகூர் முதியவர் அஞ்சியது இதனால்தான்.

பூட்டுதல் என்பது இரண்டை ஒன்றாகப் பிணைத்தல். ஏரில் மாடு பூட்டுகிறோம். வில்லில் நாண் பூட்டுவர். கதவில் பூட்டுப் போட்டுப் பூட்டுகிறோம். முடித்தல் என்பது முடிச்சிடுதல். நூலின் கடைசியில் முடிச்சிட்டால் தையல் முடிந்தது. அதிலிருந்தே முடிவு என்னும் சொல் பிறந்தது.

இவ்வைந்தன் வேற்றுமையை ஒரே பொருளில் வைத்துக் காட்டுகிறேன். வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கடையைச் சாத்திவிட்டார்’ என்றால், இரவாகிவிட்டது, காலையில் திறப்பார் என்று பொருள். ‘கடையடைப்பு’ என்றால், ஏதோ ஒரு கோரிக்கைக்காக எல்லா வணிகரும் சேர்ந்து அன்று விற்பனையை நிறுத்தியிருக்கின்றனர் என்று பொருள். ‘கடையைப் பூட்டிவிட்டுப் போனார்’ என்றால், சிறிது நேரம் வெளியே சென்றிருக்கிறார். சாவி அவரிடம் இருக்கிறது. ‘கடையை மூடிவிட்டார்’ என்றால், வணிகத்தையே விட்டுவிட்டார் என்ற எண்ணம் எழுகிறது. ‘கடையைக் கட்டிவிட்டார்’ என்றால், சரக்கைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்பது கருத்து. ஆங்கிலத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு ‘குளோஸ்’ என்பதையே முதலாக வைத்து, பின்னே ஒரு சிறு சொல்லைச் சேர்த்தோ, சேர்க்காமலோ சொல்லிவிடுவார்கள். தமிழில் வினைச்சொல்லை மாற்றினாலே செய்தி மாறிவிடுகிறது.

கடையை விட்டு மற்றப் பொருள்களுக்குச் சென்றாலும் இதே நிலைதான். குடையை மடக்குகிறோம். காதைப் பொத்துகிறோம். புத்தகத்தை மூடுகிறோம். மாலையில் தாமரை குவிகிறது, கூம்புகிறது. புண் ஆறுகிறது. கூட்டம் நிறைவு பெறுகிறது. கணக்கை முடிக்கிறோம். இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் ‘குளோஸ்’ பொருந்தும். எதிர்த்திசையிலும் இடர் உண்டு. ‘குழாயை மூடு’ என்று நாம் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் ‘குளோஸ்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் காதுக்கு அது இயல்பாக இராது. அவர்கள் ‘டர்ன் ஆஃப்’ என்பார்கள். விளக்கை ‘குளோஸ்’ செய் என்று நம் மாணவர் சிலர் சொல்வதும் அவ்வாறே பிழை.

ஆங்கிலம் எளிய மொழி, தமிழ் வளமான மொழி என்று பெருமை பேசுவதற்காக இதைக் கூறவில்லை. எந்த மொழியிலும் பொதுச்சொல்லும் உண்டு, சிறப்புச்சொல்லும் உண்டு. இவ்வுண்மையைத் தொல்காப்பியர் அன்றே கண்டார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைச் சேர்த்துச் சொல்லும்போது ஒன்றுக்கே உரிய வினையால் முடிக்கலாகாது, எல்லாவற்றுக்கும் பொதுவான வினையால் முடிக்க வேண்டும் என்று விதி வகுத்தார். சோறு உண்ணப்படுவது, அப்பம் தின்னப்படுவது, பால் பருகப்படுவது. இம்மூன்றையும் ஒன்றாகச் சொல்லும்போது ‘உண்டார்’ என்பதும் பொருந்தாது, ‘தின்றார்’ என்பதும் பொருந்தாது. அங்கே ‘அயின்றார்’ என்னும் பொதுவினை வேண்டும். இதன் மறுபுறம் என்ன? தனித்தனியே சொல்லும்போது அதனதன் மரபு வினையையே ஆள வேண்டும் என்பதாகும். ‘குளோஸ்’ ஆங்கிலத்தின் பொதுவினை. அதை மொழிபெயர்க்கும்போது நாம் தமிழின் சிறப்பு வினையைத் தேடிச் செல்ல வேண்டும்.

இன்னொரு வியப்பைக் கூறுகிறேன். ‘குளோஸ்’ என்னும் எழுத்துக் கோவைக்கு ஆங்கிலத்தில் ‘அருகில், நெருங்கிய’ என்னும் பொருளும் உண்டு. வினையாக வரும்போது ஈற்றொலி அதிர்ந்து ஒலிக்கும்; பெயரடையாக வரும்போது அதிராமல் ஒலிக்கும். அடைத்தலுக்கும் அருகாமைக்கும் என்ன தொடர்பு? இடைவெளி அடைபட்டால் இரண்டு பொருள்கள் நெருங்கிவிடுகின்றன அன்றோ? அதுவே தொடர்பு. தமிழைப் பாருங்கள். ‘அடைத்தான்’ என்றால் தடுத்தான்; ‘அடைந்தான்’ என்றால் சேர்ந்தான். கடல் கடந்து வாழும் இரண்டு மொழிகள், ஒன்றையொன்று கேளாமலே, ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரி இருக்கிறது. புதுவை அரசு அதனை 2008-ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. மாலை வேளையில் அங்கே சென்று பார்த்தால், பறவைகள் மரங்களில் வந்து அடைவதைக் காணலாம். அங்கே அவை அடைகின்றன. யாரும் அவற்றை அடைக்கவில்லை. அடைக்கலம் என்னும் சொல்லும் இவ்வடியில் பிறந்ததே.

அறிவியல் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். ஏரி மதகை அடைத்தால் நீர் நிற்கும். ஆனால் மின்சுற்றை ‘குளோஸ்’ செய்தால் மின்சாரம் பாயும், திறந்தால் நின்றுவிடும். முதன்முதல் ஆய்வுக்கூடத்தில் நுழையும் கிராமத்து மாணவனுக்கு இது பெரும் குழப்பம். ‘மூடிய சுற்று’ என்று பாடநூலில் படிக்கிறான். மூடினால் எப்படிப் பாயும் என்று திகைக்கிறான். இங்கே அச்சொல்லுக்குத் தடுத்தல் பொருள் அன்று. கம்பியின் இரு முனைகளை இணைத்தல் பொருள். மாட்டை ஏரில் பூட்டினால்தான் உழவு நடக்கும்; முனைகளைப் பூட்டினால்தான் மின்சாரம் நடக்கும். இப்படி விளக்கினால் ஒரு நாழிகையில் விளங்க வேண்டியது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இதுவரை கூறியவை சொல்லாராய்ச்சி. இவற்றால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. ஒரு தொழிற்சாலையின் வாயிலில் அறிவிப்புத் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும் 1982-ஆம் ஆண்டில் வந்த அதன் திருத்தமும் இரண்டு நிலைகளை வேறுபடுத்தின. முதலாளி தற்காலிகமாக வேலையிடத்தை அடைப்பது ஒன்று. அதனைக் கதவடைப்பு என்கிறோம். நிலையாக நிறுத்திவிடுவது மற்றொன்று. அதனை ஆலைமூடல் என்கிறோம். கதவடைப்பு என்றால் பேச்சு நடக்கும், கதவு மீண்டும் திறக்கலாம் என்று தொழிலாளி காத்திருப்பான். மூடல் என்றால் வேறு பிழைப்புத் தேட வேண்டும். புதுவை முதலியார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இயங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்விடத்தில் ‘மூடப்பட்டது’ என்பதே சரியான சொல். அச்சொல்லின் கனத்தை அங்கே உழைத்த குடும்பங்கள் அறியும். அத்தகைய கனமுள்ள சொல்லை, ஒரு நாள் பழுதுக்காக நிறுத்தப்படும் குழாய்க்கும் வாய்க்காலுக்கும் வீணாகச் செலவிடலாமா?

அதே 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது ‘பள்ளிகள் மூடல்’ என்று எங்கும் எழுதினார்கள். சொல்ல வந்தது விடுமுறை. பாகூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது உயர்கல்விக் கூடத்திற்கு, மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கல்விக் கூடம் ஒன்று தழைக்க ஊர்களையே எழுதிவைத்த மண்ணில், ‘பள்ளி மூடப்பட்டது’ என்னும் தொடரை விடுமுறைக்கு வழங்குவது பொருந்தாது. அத்தொடரை உண்மையிலேயே ஒரு பள்ளி இல்லாமற் போகும் நாளுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாள் வாராதிருக்க உழைக்கவும் வேண்டும்.

முடிவு என்னும் சொல்லையும் இடமறிந்து ஆள வேண்டும். வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டுமென வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. இதை ஆங்கிலத்தில் எழுதுவோர், பிரெஞ்சு ஆட்சி ‘குளோஸ்’ நிலைக்கு வந்தது என்று எழுதக்கூடும். தமிழில் அதை ‘ஆட்சி மூடப்பட்டது’ என்றால் நகைப்பே மிஞ்சும். ஆட்சி முடிவுற்றது என்கிறோம். ஒரு முடிச்சு விழுந்தது, நூல் அறுபடவில்லை, மறுமுனையிலிருந்து வேறொரு தையல் தொடங்கியது.

எனவே, மாணவ நண்பர்களே, ‘குளோஸ்’ என்னும் சொல்லை எதிர்ப்படும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். அடைபடும் பொருள் யாது? எதற்காக அடைபடுகிறது? மீண்டும் திறக்குமா, திறக்காதா? இம்மூன்றுக்கும் விடை கண்டால் தமிழ்ச் சொல் தானே வந்து நிற்கும். இந்த வினாக்களைக் கேட்காமல் எழுதுகின்ற அறிவிப்பு, இலக்கணப்படி பிழையற்றதாக இருக்கலாம். படிப்பவருக்கு அது பொய்யாக முடியும்.

இறுதியாக ஒன்று. கோயிற் கதவைச் சாத்துவதற்கு நம் முன்னோர் திருக்காப்பிடுதல் என்று பெயர் வைத்தார்கள். காப்பு என்றால் காத்தல். திருமறைக்காட்டில் மறைகள் பூசித்து அடைத்துச் சென்ற கதவை, அப்பர் பாடித் திறந்தார் என்றும், சம்பந்தர் பாடி அடைத்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. திறக்கப் பாடியவரையும் அடைக்கப் பாடியவரையும் அந்நூல் ஒப்பப் போற்றுகிறது. அடைத்தல் இழப்பு அன்று, உள்ளே இருப்பதைப் பேணுதல் என்னும் எண்ணம் அதில் இருக்கிறது. இன்றும் இரவில் வில்லியனூர்த் திருக்காமேசுவரர் கோயிலில் நடை சாத்தப்படுகிறது. மறுநாள் வைகறையில் திறக்கப்படும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

பாகூர் உழவர் சொன்னதும் அதுதான்: அடைத்ததைத் திறப்பார்கள். அந்த நம்பிக்கையைப் படிப்பவருக்குக் கொடுக்கக்கூடிய சொல்லும், கொடுக்கக் கூடாத சொல்லும் நம் மொழியில் தனித்தனியே இருக்கின்றன. எழுதுகோல் எடுக்கும் நீங்கள் அவற்றைப் பிரித்தறிந்து வழங்குங்கள்.